நிலத்துக்குப் பதில் வாங்கிய பணம் எந்தப் பூங்காவுக்குப் போனது?

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) உறுப்பினர் செயலர் அவர்களுக்கும் பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால், பில்டரிடம் கேட்டு வாங்குவது சி.எம்.டி.ஏ.வின் வேலை, பூங்கா போடுவது மாநகராட்சியின் வேலை என்று பந்து அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருக்கும். நான் கேட்க வந்த விஷயமோ சரியாக அந்த நடுவில்தான் கிடக்கிறது.

விஷயம் ஓ.எஸ்.ஆர்., அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு. உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனால் இது திறந்த மடல், ஃபிளாட் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 3,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் பதிமூன்றரை கிரவுண்டுக்கு மேல் உள்ள இடத்தில் கட்டடம் கட்டவோ மனை பிரிக்கவோ வந்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி, இலவசமாக ஒப்படைக்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால் நிலத்தைத்தான் கொடுக்க வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க முடியாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடங்களுக்குத்தான் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்: நிலத்துக்குப் பதிலாகப் பணம். 2008-ல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) விதிகளில் இருந்த இந்த 10 சதவீத ஏற்பாடு, 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் தொடர்கிறது.

இந்த விதியை எதிர்த்து எழுதவில்லை. நூறு பேர் நடந்த தெருவில் ஆயிரம் பேரைக் கொண்டுவந்து குடிவைப்பவர், அந்த ஆயிரம் பேரும் அவர்களுடைய பிள்ளைகளும் காலார நடக்கவும் ஓடி விளையாடவும் ஆகும் இடத்தில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பில்டர்களின் விளம்பரத்தைப் பாருங்கள், பூங்காவுக்கு எதிரே உள்ள வீடு என்றால் விலையே வேறு. பூங்காவால் வரும் லாபத்தை எண்ணி வாங்கிக்கொள்கிறவர் அதற்கான செலவில் மட்டும் ஒதுங்கி நின்றால் எப்படி?

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இலவசமாக நிலத்தைத் தானம் கொடு என்று எப்படிக் கட்டாயப்படுத்தலாம் என்று கேட்டு வழக்குப் போனது. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் 10 சதவீத விதி செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கதை சொல்கிறேன். ஆரிகன் மாநிலத்தில் டைகார்ட் என்று ஒரு சிறிய நகரம். ஃப்ளோரன்ஸ் டோலன் என்ற பெண்மணி தன் கடையைப் பெரிதாக்க அனுமதி கேட்டார். கடைக்குப் பக்கத்தில் ஓடுகிற ஓடையின் வெள்ளப் பரப்பையும், அதை ஒட்டி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு பாதை போட 15 அடிப் பட்டையையும் எழுதிக் கொடு என்று நகரம் கேட்டது. மொத்தத்தில் அவருடைய இடத்தில் ஏறக்குறைய 10 சதவீதம், நம்ம ஊர்க் கணக்கேதான். வழக்கு அங்குள்ள உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-ல் நகரம் தோற்றது. கடை பெரிதாவதால் ஊருக்கு ஏற்படும் பாதிப்புக்கும் ஊர் கேட்கிற இடத்துக்கும் ஏறத்தாழவாவது பொருத்தம் இருப்பதைக் காட்டு என்று நீதிமன்றம் கேட்டது, நகரத்தால் காட்ட முடியவில்லை. டைகார்டுக்குக் கிடைக்காத அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலில் பணக் கணக்கு. 2008 விதிகளில் எழுதியிருந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் தலை சுற்றும். நிலமாகக் கொடுத்தால் மொத்த இடத்திலும் 10 சதவீதம். பணமாகக் கட்டினால் முதல் 3,000 சதுர மீட்டரைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் கணக்கு. 4,000 சதுர மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலமாக என்றால் 400 சதுர மீட்டர் போகும். பணமாக என்றால் 1,000-த்தில் 10 சதவீதம், அதாவது வெறும் 100 சதுர மீட்டருக்கான விலை. நாலில் ஒரு பங்கு! எந்த பில்டர் நிலம் கொடுப்பார்? நான் பில்டராக இருந்தாலும் செக் புத்தகத்தைத்தான் எடுப்பேன். இடம் பெரிதாகப் பெரிதாக இந்த வித்தியாசம் குறைந்துகொண்டே போகும், 9,000 சதுர மீட்டரில் 900-க்கு 600 என்று ஆகும். அப்படியானால் சலுகை அதிகம் கிடைப்பது யாருக்கு? சிறிய இடங்களுக்கு. சிறிய இடங்கள் எங்கே அதிகம்? பழைய பங்களாக்களையும் மில் வளாகங்களையும் இடித்துக் கட்டுகிற உள்நகரில். பூங்காவுக்கு ஒரு சாண் நிலம்கூட மிச்சமில்லாத இடமும் அதுதான். நிலம் மிக அவசரமாகத் தேவைப்படும் பேட்டைகளில் நிலத்தை விட்டுவிட்டுப் பணத்தை வாங்கும்படி விதியே தூண்டிவிடுகிறது.

அந்தப் பணமும் சந்தை விலையில் வருவதில்லை, பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பில்தான், அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு குறித்து வைத்த விலையில்தான் வருகிறது. வழிகாட்டி மதிப்புக்கும் ஊரில் நிலம் கைமாறுகிற விலைக்கும் உள்ள தூரம் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில்தான் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். வீடு வாங்குகிறவர்களின் பதிவுச் செலவு குறையட்டும் என்று செய்த வேலை, சரி. ஆனால் அந்த ஆறு வருடமும் பூங்கா நிலத்துக்கான விலையும் கூடவே மூன்றில் ஒரு பங்கு இறங்கி நின்றதே, அதைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. வீடு வாங்குகிறவருக்குக் கொடுத்த தள்ளுபடி பூங்காவின் தலையில் விடிந்தது. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு அதே தெருவில் அதே அளவு நிலம் வாங்க முடியுமா? முடியாது, பாதிகூட வாங்க முடியாது என்று ரியல் எஸ்டேட் தரகர் எவரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஆகவே பணம் வாங்குவதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. சில மனைகளில் 10 சதவீதத்தை ஒதுக்கினால் உருப்படியான இடம் கிடைக்காது என்பது உண்மை. அப்படிப்பட்ட மூன்று நான்கு திட்டங்களின் பணத்தைச் சேர்த்து ஒரே இடமாக வாங்கினால், கதவு திறந்து பத்துப் பேர் உள்ளே போகக்கூடிய பூங்கா கிடைக்கும். பணம் வாங்குவதன் நியாயமே அதுதான். ஆனால் அதற்கு அந்தப் பணம் வந்த பேட்டையிலேயே செலவாக வேண்டும், நியாயமான காலத்துக்குள் செலவாக வேண்டும், யாரிடம் வாங்கி எங்கே போட்டீர்கள் என்பது எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். பெரம்பூரில் ஆயிரம் பேரைக் குடிவைத்ததற்காக வாங்கிய பணத்தில் அடையாறில் நீரூற்று வைத்தால், அது கட்டணம் இல்லை, இன்னொரு வரி.

வெளியூர்க்காரர்கள் இதற்கு எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1965-லிருந்தே மனை பிரிப்பவரிடம் பூங்கா நிலமோ அதற்கு ஈடான பணமோ கேட்கச் சட்டம் இருக்கிறது, ஆயிரம் பேருக்கு 3 ஏக்கர் என்பது அடிப்படைக் கணக்கு. அதைவிட எனக்குப் பிடித்தது அங்குள்ள இன்னொரு சட்டம். பில்டரிடம் வாங்கிய வளர்ச்சிக் கட்டணம் ஐந்து வருடத்துக்கு மேல் செலவாகாமல் கிடந்தால், எதற்காக இன்னும் வைத்திருக்கிறோம், எப்போது எதில் போடப்போகிறோம் என்று உள்ளாட்சி எழுத்தில் பொதுவெளியில் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் பணத்தை அந்தச் சொத்தின் இப்போதைய உரிமையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2022-ல் இன்னும் முரட்டுத்தனமாக ஒன்று செய்தது: பூங்கா நிதியில் இருக்கும் பணத்தில் 60 சதவீதத்தை ஒவ்வொரு வருடமும் செலவழித்தோ, குறிப்பிட்ட திட்டத்துக்கு ஒதுக்கியோ ஆக வேண்டும். (அதே சட்டம் பில்டர்கள் தர வேண்டியதன் அளவையும் குறைத்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை, அதை நீங்கள் காப்பியடிக்க வேண்டாம்.) பணத்தைப் பூட்டி வைக்க முடியாது என்ற ஒரு பயம் இருந்தாலே ஃபைல் நகரும்.

இனி நிலமாகவே வந்த இடங்களுக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

விதிப்படி ஓ.எஸ்.ஆர். துண்டு எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது. 10 மீட்டர் என்பது மாநகரப் பேருந்து ஒன்றின் நீளம்கூட இல்லை. அந்தக் குறைந்தபட்சத்தையே இலக்காக எடுத்துக்கொண்டு, மனையின் பின்மூலையில், கட்டடத்துக்கு எதற்கும் உதவாத பக்கத்தில், மதிலோரமாக ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒன்றின் அருகே போய்ப் பாருங்கள். நான் அடிக்கடி கடந்து போகிற ஒன்று, எந்த பில்டர் என்பதும் எந்தத் தெரு என்பதும் வேண்டாம்: மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் சங்கிலி போட்ட இரும்புக் கதவு, கதவில் பாதி உரிந்துபோன பெயிண்ட்டில் ஓ.எஸ்.ஆர். என்று மூன்று எழுத்து. உள்ளே கட்டுமானம் முடிந்தும் அள்ளாமல் போட்ட எம்-சாண்ட் குவியல், அதன் மேல் எருக்கு முளைத்திருக்கிறது. ஒரு ஓரத்தில் டிரான்ஸ்ஃபார்மர். மதிலுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்கும் இடையே கொடி கட்டி யாரோ லுங்கி காயப்போட்டிருக்கிறார்கள். கதவுக்கு வெளியே, தெருவில், செங்கல்லை நிறுத்தி ஸ்டம்ப் ஆக்கிப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், டூவீலர் வரும்போதெல்லாம் ஒருவன் கத்த, ஆட்டம் நிற்கிறது. அந்தக் கதவுக்கும் அந்த ஸ்டம்புக்கும் நாலடிகூட இருக்காது.

இன்னொரு வகையும் உண்டு, அது பார்க்க நன்றாக இருக்கும். புல்வெளி, ஊஞ்சல், எட்டுப் போட்டு நடக்க வழுவழு கூழாங்கல் பாதை, எல்லாம் இருக்கும். ஆனால் குடியிருப்பின் மெயின் கேட்டுக்கு உள்ளே. தானப் பத்திரப்படி ஊருக்குச் சொந்தமான நிலத்துக்குள் போக, ஊர்க்காரர் செக்யூரிட்டியிடம் எந்த ஃபிளாட்டுக்கு வந்தீர்கள் என்று பதில் சொல்ல வேண்டும். இதற்கும் வழி பழைய விதியிலேயே இருந்தது. பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைத்தால் பொதுமக்கள் நுழைவை வற்புறுத்தத் தேவையில்லை என்று 2008 விதிகளில் ஒரு வரி. சங்கத்துக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், விளக்கு போடுகிறவர்கள் அவர்கள்தான், வெளியாட்கள் வந்து குப்பை போட்டுவிட்டுப் போவார்கள் என்ற பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தன் குடியிருப்புக்காரர் மட்டும் நடக்கும் தோட்டத்தைப் பொதுத் திறந்தவெளி என்று கணக்கில் எழுதாதீர்கள். தெருப்பக்கம் தனிக் கதவு வையுங்கள், காலை மாலை நேரம் குறியுங்கள், பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியை மாநகராட்சி ஏற்றுக்கொள்ளட்டும். கதவு எந்தப் பக்கம் என்பதைத் திட்ட அனுமதி வரைபடத்திலேயே பார்த்துவிடலாமே, கட்டி முடித்தபின் மதிலை இடிப்பதைவிட அது சுலபம்.

பராமரிப்பு என்று வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. பில்டர் தருவது ஒருமுறைப் பணம். தோட்டக்காரர் சம்பளமும் மோட்டார் ரிப்பேரும் மாதாமாதம் வரும். புதுக் கட்டடத்திலிருந்து அரையாண்டுக்கு ஒருமுறை வரப்போகும் சொத்து வரியில் ஒரு சிறு பங்கை அந்த வார்டின் பூங்காக்களுக்கு என்று எழுதி வைத்தால் போதும். அவ்வளவுதான்.

அப்புறம் நடைத்தடம். நம் நகரத்தில் பூங்கா என்றால் வேலி போட்ட ஒரு சதுரம் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். நடப்பவருக்குச் சதுரத்தைவிடப் பட்டைதான் உதவும், அது இன்னொரு பட்டையோடு சேர்ந்தால். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில் எவ்வளவு பெரிய பெரிய இடங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று உங்கள் வரைபடத்தையே விரித்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தனக்கு வசதிப்பட்ட மூலையில் 10 சதவீதத்தைக் கொடுத்தார்கள், நீங்களும் அளவு சரியா என்று பார்த்து வாங்கிக்கொண்டீர்கள். ஒருவர் வடகிழக்கில், பக்கத்து மனைக்காரர் தென்மேற்கில். நீர்நிலையை ஒட்டிக் கட்டுகிறவர் எப்படியும் கரையிலிருந்து விலகித்தான் கட்ட வேண்டும். அந்த விலகலோடு ஓ.எஸ்.ஆர். துண்டையும் கரைப்பக்கமே வை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், துண்டுக்குத் துண்டு சேர்ந்து கால்வாய்க் கரை நெடுக நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் ஒரு தடம் கிடைத்திருக்கும், நிலம் கையகப்படுத்த ஒரு ரூபாய் செலவில்லாமல். இடையில் இடைவெளி விழுகிற இடங்களுக்குத்தான் அந்தப் பதில் பணம். கூவம், அடையாறு, வேளச்சேரிப் பக்கத்து ஏரிகள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். டைகார்ட் நகரம் கேட்டுத் தோற்றதும் இப்படி ஒரு ஓடைக்கரைத் தடத்தைத்தான்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை, நம் ஊரே இப்படித்தான் எழும்பியது. தியாகராய நகரை நூறு வருடத்துக்கு முன் போட்டபோது பனகல் பூங்காவை நடுவில் வைத்து அதிலிருந்து சாலைகளை இழுத்தார்கள். மனையை விற்றுவிட்டு மிச்சம் இருந்தால் பூங்கா என்று அவர்கள் நினைத்திருந்தால், இன்றைக்கு அங்கே ஒரு துணிக்கடை கூடுதலாக இருந்திருக்கும். 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக மாநகராட்சி விரிந்தபோது உள்ளே வந்த பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு நடு இல்லை. அங்கே திறந்தவெளி என்று இனி ஏதாவது வரவேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த 10 சதவீதத்திலிருந்துதான் வரவேண்டும்.

பில்டர்கள் உடனே சொல்லும் பதில் எனக்குத் தெரியும். இப்போதே வளர்ச்சிக் கட்டணம், உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணம், கூடுதல் தளப்பரப்புக்கான பிரீமியம், உறைவிட நிதிக் கட்டணம் என்று வரிசையாகக் கட்டுகிறோம், இதிலும் கைவைத்தால் ஃபிளாட் விலையில்தான் ஏற்றுவோம் என்பார்கள். இதில் பாதி உண்மை. உட்கட்டமைப்புக் கட்டணம் என்று 2007 சட்டத் திருத்தத்தில் வந்தது மாநில அளவிலான ஒரு நிதியில் சேர்கிறது, கட்டியவர் தெருவுக்கு அதிலிருந்து எவ்வளவு திரும்பியது என்று கேட்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. மற்றப் பாதியை நான் ஏற்கவில்லை. ஃபிளாட் விலை சந்தை தாங்குகிற அளவுக்குத்தான் ஏறும். கட்டணம் எவ்வளவு என்பது முன்பே உறுதியாகத் தெரிந்தால், பில்டர் அதைக் கழித்துக்கொண்டுதான் நிலச் சொந்தக்காரரிடம் விலை பேசுவார். அவர்களுக்கு உண்மையில் கடுப்பு ஏற்றுவது கட்டணத்தின் அளவைவிட, மேசைக்கு மேசை மாறும் கணக்கும், மாதக்கணக்கில் நிற்கும் ஃபைலும், கட்டியபிறகு கண்ணில் காணக் கிடைக்காத பூங்காவும்தான். பணத்தைக் கட்டியவர் இதோ என் கட்டணத்தில் வந்த பூங்கா என்று தன் விளம்பரத்திலேயே போட்டுக்கொள்ளும்படி செய்யுங்கள், முணுமுணுப்பு பாதியாகும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது, மூன்றாவது தயாராகிக்கொண்டிருக்கிறது. அடுத்த இருபது வருடத்துக்கான விதி எழுதும் நேரத்தில் சொல்லாமல் அப்புறம் எப்போது சொல்வது? பணமாகக் கட்டும்போது முதல் 3,000 சதுர மீட்டரைக் கழிக்கும் கணக்குக்கு அதில் இடம் இருக்கக் கூடாது. நிலத்தைவிடப் பணம் மலிவாக இருக்கவே கூடாது, சமமாகவாவது இருக்கட்டும், கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. ஓ.எஸ்.ஆர். துண்டு எங்கே விழ வேண்டும் என்று பேட்டைவாரியாக வரைபடம் போட்டுவிட்டு அதன்பின் அனுமதிக்கு உட்காருங்கள். வாங்கிய பணம் ஐந்து வருடத்தில் செலவாகாவிட்டால் ஏன் என்று எழுத்தில் சொல்லும் கடமையை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

விதி மாற நாளாகும், தெரியும். அதற்கு முன்னால், யாருடைய அனுமதியும் வாங்காமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. 2008-லிருந்து தானப் பத்திரமாக வந்த ஒவ்வொரு ஓ.எஸ்.ஆர். நிலமும் எந்த வார்டில், எந்தச் சர்வே எண்ணில், எத்தனை சதுர மீட்டர், இப்போது அங்கே என்ன இருக்கிறது. நிலத்துக்குப் பதில் பணம் வாங்கிய ஒவ்வொரு திட்டத்திலும் எவ்வளவு, எந்த வருடம், எதில் செலவானது. இவ்வளவையும் ஒரே அட்டவணையாக இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து தங்கள் இணையதளத்தில் தமிழில் போட்டுவிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே இப்படிப்பட்டவற்றை வெளியிடத்தான் சொல்கிறது. மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும் முன் இந்த அட்டவணை வந்துவிட்டால், கருத்துச் சொல்ல வருகிறவர்கள் கையில் பிடித்துக்கொண்டு பேச ஏதாவது இருக்கும். வராவிட்டால் வார்டுக்கு ஒருவராக ஆர்.டி.ஐ. மனு போட்டு நாங்களே தொகுக்க வேண்டியிருக்கும், உங்கள் பொதுத் தகவல் அலுவலர்களுக்குத்தான் வேலை கூடும்.

இப்படிக்கு,
சென்னையில் சொத்து வரி கட்டும் ஒருவர்